சிவப்புக் கம்புக்கு இப்பால்

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, சோளகக் காற்று உச்சத்தில் வீசிய ஆவணி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், சுஹைர் என்பவன் இடப்பக்க விலாவில் இரண்டு எலும்புகள் வெடித்த நிலையில் கற்பிட்டிக் களப்பின் கரையிலே நின்றுகொண்டிருந்தான். அச்செய்தி மூவருக்கு மட்டுமே தெரியும். மருந்தெண்ணெய் பூசிக் கட்டுக் கட்டிய அபூசாலிப் பரியாரி ஒருவர். அந்தக் கட்டை அன்று காலை மீண்டும் இறுக்கிவிட்ட மனைவி மர்ளியா மற்றொருவர். மூன்றாமவன் அவனுடைய கூட்டாளி முத்துலிங்கம். அதை அறியக் கூடாத மனிதரோ இருபது முழத் தொலைவில், பச்சைக் கூடாரமொன்றின் கீழ், பிளாஸ்டிக் கதிரையில் அமர்ந்து தமது தொலைநோக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கடற்படை அதிகாரி.

அவர் அன்று தீர்மானிக்க வந்த காரியம் ஒன்றே. களப்பிலே பட்டம் பிடித்துப் பலகையில் ஓட அனுமதிப்பதா, அல்லது பட்டங்களை முகாமுக்கு எடுத்துச் சென்று பூட்டிவிடுவதா? வடக்கிலே யுத்தம் முற்றியிருந்த காலம் அது. மீனவன்கூடப் பாஸ் இல்லாமல் வள்ளம் இறக்க முடியாத நாட்களில், செம்மஞ்சள் நிறத்தில் ஒன்று ஐம்பது முழ உயரத்தில் பறப்பதைக் காவலரணில் நிற்பவன் எவ்வாறு வாளாவிருந்து பார்ப்பான்? ஆகவே அதிகாரி ஒரு சோதனை விதித்திருந்தார். இறங்குதுறைக்கு வடக்கே, களப்பின் குறுக்காக, சிவப்புத் துணி கட்டிய கம்புகள் ஐந்து நடப்பட்டிருந்தன. அவற்றுக்கு இப்பாலேயே மூன்று சுற்று ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர வேண்டும். அப்பால் உச்சமுனை என்ற தீவும் அதற்கும் அப்பால் திறந்த கடலும் கிடந்தன. ஒரு தடவை தாண்டினாலும் அனுமதி இல்லை. காற்றோ தென்மேற்கிலிருந்து அந்தக் கம்புகளை நோக்கியே தள்ளிக்கொண்டிருந்தது.

பட்டம் என்றதும் சிறுவர்கள் நூலிற் கட்டி விடும் கடதாசிப் பட்டத்தை எண்ணிவிடலாகாது. இது வள்ளத்துப் பாயளவு அகலமானது, காற்றடைத்த விளிம்புடையது. இதன் கயிறுகள் ஒரு தடியில் வந்து முடியும். தடியின் நடுவிலுள்ள வளையத்தை ஓடுபவன் தன் உடம்பிற் கட்டிய பட்டியின் கொளுக்கியில் மாட்டிக்கொள்வான். காற்று இழுப்பது அவனது கையை அன்று, அந்தப் பட்டியையே. சென்ற ஆண்டு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் சுஹைருக்கும் முத்துலிங்கத்துக்கும் இவ்வித்தையைப் பழக்கிவிட்டு, யுத்தம் கடுமையாகத் தொடங்கியதும் இரண்டு பட்டங்களையும் இரண்டு பட்டிகளையும் ஒரு பலகையையும் அவர்களிடமே விட்டுப் புறப்பட்டார். அனுமதி மட்டும் கிடைத்தால் பழக விரும்புவோரை அனுப்பிவைப்பேன் என்று அவர் எழுதியிருந்தார். கடலில் வலை விடும் நேரம் நாளுக்கு நான்கு மணித்தியாலமாகச் சுருங்கிவிட்ட பின்னர், சுஹைருக்கு எஞ்சியிருந்த பிழைப்பு இதுவொன்றுதான்.

அப்படியாயின் விலா வெடித்தவன் ஏன் ஓட வேண்டும், நலமுடைய முத்துலிங்கம் ஓடலாகாதா என்ற கேள்வி எழும். முத்துலிங்கம் உடப்பு ஊரவன்; சுஹைரைவிட ஒரு படி மேலாகவே ஓடக்கூடியவன். ஆனால் உடப்பு மீனவர்கள் பருவந்தோறும் குடும்பத்தோடு முல்லைத்தீவுக் கரைக்குப் போய் வாடி என்னும் ஓலைக்கொட்டில் அமைத்துத் தொழில் செய்வது பண்டுதொட்டு வந்த வழக்கம். அத்தகைய வாடியொன்றிலேதான் தாய் பூமணி அவனைப் பெற்றாள். ஆதலால் அடையாள அட்டையில் பிறந்த இடம் முல்லைத்தீவு என்று பதிந்துவிட்டது. பின்னாளில் புலிகளின் கோட்டையாகிவிட்ட அந்த ஊரில் பிறந்த ஆறு மாதம் சுவாசித்த காற்றுக்கு அவன் ஆயுள் முழுவதும் சோதனைச்சாவடிகளிலே பதில் சொல்லிக்கொண்டிருந்தான். "அந்த அட்டையை நேவிக்காரர்ட கையில குடுத்தா, அனுமதியும் போகும், நானும் போவன்" என்று அவனே சொல்லியிருந்தான். அன்று அவன் மீன் வாடியின் நிழலில், பெட்டிகளுக்குப் பின்னே, பட்டத்தைத் தூக்கிக் கொடுக்க மட்டும் வந்த கூலியாள்போல ஒதுங்கி நின்றான்.

நின்றவன் சும்மா நிற்கவில்லை. கையில் ஒரு பட்டியைத் தூக்கிக் காட்டி முணுமுணுத்தான்.

"மச்சான், கடைசியாச் சொல்றன். இதைப் போடு."

அது தொடைப் பட்டி. இரு தொடைகளையும் சுற்றி வார்கள் வரும். காற்றின் இழுவை இடுப்புக்குக் கீழேயே தங்கும். விலாப் பக்கம் அது எட்டியும் பாராது. சுஹைர் தன் உடம்பிற் கட்டியிருந்ததோ இடுப்புப் பட்டி. பார்வைக்கு அது மல்லன் கச்சைபோலக் கம்பீரமானது. ஆயின் கால்களில் அதனைப் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லாமையால், பட்டம் உச்சிக்கு ஏறும்போதெல்லாம் அதுவும் மேலே ஏறப் பார்க்கும். பத்து நாட்களுக்கு முன் அவ்வாறு ஏறியிருந்த வேளையிலேதான், அந்தரத்திலிருந்து பக்கவாட்டாக நீரில் விழுந்த சுஹைரின் விலாவிலே கொளுக்கித் தகடு இடித்து, கரும்பை முறித்தாற்போல ஓர் ஓசை கேட்டது.

"அதப் போட்டுக்கிட்டு இந்தச் சனத்துக்கு முன்னால நடக்க ஏலா" என்றான் சுஹைர்.

"சனமா முக்கியம், விலாவா முக்கியம்?"

"சனந்தான். விலா சட்டைக்குள்ள ஈக்குது. சனம் வெளிய ஈக்குது."

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு வரலாறு உண்டு. வைகாசி மாதத்தில் அவன் முதன்முதலாகத் தொடைப் பட்டியை அணிந்து, தொடை வார்கள் அறுக்காதபடி காலை அகட்டி அகட்டி இறங்குதுறையால் நடந்து வந்தபோது, கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த மார்த்தா இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து, துறை முழுவதும் கேட்கும்படி கூவினாள்:

"அடி ஆத்தே! எங்கட சுஹைர் தம்பிக்கு இந்த வயசிலயா சுன்னத்து வெச்சவங்க? ஒருத்தரும் சொல்லவேயில்லையே! சொல்லியிருந்தா முட்டை அவிச்சுக் கொண்டந்திருப்பனே!"

துறை சிரித்த சிரிப்பு ஒரு வாரம் ஓயவில்லை. பள்ளிவாசல் வாசலில்கூட எவனோ ஒருவன், "காயம் ஆறிட்டா?" என்று விசாரித்தான். அன்றே அந்தப் பட்டியை முத்துலிங்கத்திடம் எறிந்துவிட்டு இடுப்புப் பட்டிக்கு மாறியவன் சுஹைர்.

மர்ளியாவும் அன்று காலை சொல்லாமல் விடவில்லை. எட்டு முழ வெள்ளைச் சீலையை எண்ணெயில் தோய்த்து விலாவைச் சுற்றி இறுக்கிக்கொண்டே, "நாப்பது நாள் அசையாமக் கிடக்கச் சொன்னாரு பரியாரி. பத்து நாள்ல ஓடப் போறீங்க" என்றாள்.

"நாப்பது நாள்ல காத்துப் போயிரும்."

"காத்து அடுத்த வருசமும் வரும். விலா வருமா?"

அவன் அந்தக் கட்டுக்கு மேலேயே பட்டியைக் கட்டி, கொளுக்கி தவிர மற்றெல்லாம் மறையும்படி தொளதொளத்த சட்டையொன்றை மேலே விட்டுக்கொண்டான். எண்ணெய் ஊறிய சீலை விலாவுக்கு மெத்தையாகும் என்று கணக்கிட்டானேயன்றி, அதே எண்ணெய் பட்டியை வழுக்கிவிடும் என்பது அவன் சிந்தைக்கு எட்டவில்லை.

அதிகாரி கையசைத்தார். முத்துலிங்கம் தலையைக் குனிந்தவாறே வந்து பட்டத்தைத் தூக்கிப் பிடித்தான். காற்று அதனை வாங்கிக்கொண்டது. சுஹைர் பலகையில் காலை நுழைத்தான். மறுகணம் களப்பின் நீர் அவன் பாதத்தின் கீழ் சீறிக்கொண்டு ஓடியது.

முதலாம் சுற்றிலே குறை எதுவும் நேரவில்லை. மூச்சைப் பாதியளவே இழுத்தான். அதற்குமேல் இழுத்தால் விலாவிலே ஊசி இறங்கியது. காற்றோடு போவது எளிது. காற்றை எதிர்த்துக் கரைக்கு மீள்வதே வில்லங்கம். பலகையின் விளிம்பை நீரில் அழுத்தி, உடம்பைப் பின்னே சாய்த்து, இழுவை முழுவதையும் பட்டியிலே தாங்கினால்தான் காற்று வரும் திசைக்கு ஏறலாம். ஏறினான். இறங்குதுறையில் இருந்தோர் கைதட்டும் ஓசை காற்றில் துண்டு துண்டாக வந்தது.

இரண்டாம் சுற்றின் நடுவிலே, பட்டி இரண்டு விரற்கடை மேலே நகர்ந்ததை உணர்ந்தான். இடக்கையால் அதைக் கீழே தள்ளினான். அது வெண்ணெயில் வைத்த கத்திபோல மறுபடியும் ஏறியது. அப்போதுதான் விரல் நுனிகளில் எண்ணெயின் பிசுபிசுப்புப் பட்டது. "யா அல்லா" என்று அவன் வாய்விட்டே சொன்னான். எட்டு முழ எண்ணெய்ச் சீலையின் மேலே எதைக் கட்டினால் நிற்கும்?

மூன்றாம் சுற்றுக்குத் திரும்பியபோது கொளுக்கித் தகடு வெடித்த எலும்பின் மேலேயே வந்து குந்திக்கொண்டது. பின்னே சாய்ந்தான்; கண்முன் கறுப்புப் புள்ளிகள் பறந்தன. சாயாமல் நிமிர்ந்தான்; பலகை காற்றின் வழியே வழுகிச் சென்றது. சிவப்புக் கம்புகள், யாரோ பிடுங்கிப் பிடுங்கி அருகில் நடுவதுபோல, நெருங்கி நெருங்கி வந்தன. நானூறு முழம். முந்நூறு முழம். பட்டத்தைக் கழற்றிவிடும் சிவப்புப் பிடி அவன் மார்புக்கு நேரே இருந்தது. அதை ஒரு தடவை தட்டினால் வேதனை உடனே ஓயும். ஆனால் பட்டமும் அவனும் நீரோட்டத்தில் மிதந்து கம்புகளைத் தாண்டுவது திண்ணம்.

களப்பின் அடிநிலத்தை அவன் பத்து வயதிலிருந்து காலால் அறிந்தவன். மூன்றாவது கம்புக்கு இப்பால், இறால் பிடிப்போர் நிற்கும் மணற்றிடல் ஒன்று நீருக்கடியில் உண்டு. அங்கே நீர் முழங்காலளவே. பலகையைத் திருப்பித் திடலை நோக்கி விட்டான். பாதம் மணலைத் தொட்டது. பட்டத்தை நேர் உச்சிக்கு ஏற்றி, ஒரு கையால் தடியைப் பிடித்தபடி நின்றான். கம்பு அறுபது முழத்தில் இருந்தது.

நிற்கலாம்; ஆனால் நெடுநேரம் நிற்க இயலாது. உச்சியிலிருந்த பட்டம் பட்டியை மேல்நோக்கித் தூக்கியது. ஒவ்வொரு வீச்சுக்கும் தகடு விலாவிலே குத்தியது. இந்தப் பட்டியைக் கீழே கட்டி நிறுத்த ஏதேனும் வேண்டும். தொடைக்கு ஒரு வார் வேண்டும். நடுக்களப்பில் வாருக்கு எங்கே போவது?

சட்டையைப் பல்லாலும் கையாலுமாக விலக்கினான். அக்குளருகே மர்ளியா செருகியிருந்த சீலை நுனியைத் தேடிப் பிடித்து இழுத்தான். ஒரு சுற்று கழன்றது. முதுகுப் பக்கத்தால் கைமாற்றி இழுத்தான். இரண்டாம் சுற்று. சோளகம் சீலையின் தலைப்பைப் பறித்து, நீரின்மேல் நீண்டு படபடக்கச் செய்தது.

அவனுக்கு அது கட்டுத்துணி. தொலைநோக்கியிலே பார்ப்பவருக்கு அது என்ன?

அந்த எண்ணம் அவனுக்குத் தோன்றுமுன்னரே முகாம் பக்கத்திலே ஓர் இயந்திரம் உறுமியது. கரையிலிருந்து பார்க்க, எல்லைக் கம்புக்கு அருகே, உச்சமுனைக்கு நேராக, ஒருவன் நின்றுகொண்டு நீண்ட வெள்ளைத் துணியை வீசுகிறான். யாருக்கு வீசுகிறான்? கரையில் அதிகாரி கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். படகொன்று நீரைப் பிளந்துகொண்டு வந்தது. அதன் முன்னணியத்தில் ஒருவன் முழந்தாளிட்டு இருந்தான். அவன் கையிலிருந்தது துடுப்பு அன்று.

கையை உயர்த்திச் சைகை காட்டலாமா? உயர்த்தினால் அதுவும் சைகைதானே! சீலையை நழுவ விடலாமா? விட்டால் அது கம்பைத் தாண்டி மிதந்துபோகும். எதையோ அனுப்பினான் என்பார்கள். சுஹைர் அசையாமல் நின்றான். உச்சியில் பட்டம் மட்டும் செம்மஞ்சளாகப் பளபளத்தது.

அவ்வேளையிலேதான் கரையிலே மீன் வாடியின் நிழல் இரண்டாகப் பிரிந்ததுபோல் ஒருவன் வெயிலுக்கு வருவதைக் கண்டான். முத்துலிங்கம்! பெட்டிகளுக்குப் பின்னே ஒளிந்து நின்றவன் இரு கைகளையும் விரித்துக்கொண்டு கூடாரத்தை நோக்கி நேரே நடந்தான். சிப்பாய் ஒருவன் குறுக்கே வந்தான். முத்துலிங்கம் நிற்கவில்லை. தன் சட்டையைத் தூக்கி, விலாவைத் தொட்டு, கையைச் சுற்றிச் சுற்றிக் காட்டினான். சிலாபத்து மீன் சந்தையிலே பழகிய சிங்களம் அவனுடையது. அதை அவன் அவ்வளவு உரத்துப் பேசி யாரும் கேட்டதில்லை. 'போகாதடா' என்று சுஹைரின் உதடு அசைந்தது. போனவன் போயேவிட்டான்.

அதிகாரி கையிலிருந்த வானொலிக் கருவியை வாயருகே கொண்டுபோனார். படகின் உறுமல் தணிந்தது. நூறு முழத்துக்கு அப்பால் அது நின்று மிதந்தது. முன்னணியத்தில் இருந்தவன் துப்பாக்கியைத் தாழ்த்தினான்; ஆனால் கீழே வைக்கவில்லை.

இனி விரைந்தாக வேண்டும். சுஹைர் சீலையின் எஞ்சிய சுற்றுகளை உருவி, பட்டியை அரைக்குக் கீழே அழுத்தி, சீலையைக் கொளுக்கித் தகட்டில் மடித்து முடிந்தான். கால்களுக்கு இடையே கொடுத்துப் பின்புறம் எடுத்தான். பட்டியின் பின்வளையத்தில் நுழைத்து மீண்டும் முன்னே இழுத்து, இரு தொடைகளையும் சுற்றிக் கட்டினான். கோவணமா, கச்சையா, தார்பாய்ச்சிக் கட்டிய சாரனா என்று பெயர் சொல்ல இயலாத கோலம் அது. துறையில் நின்ற அறுபது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிச்சின் தலைப்பைப் பல்லால் கடித்து இழுத்து இறுக்கியபோது அந்த அறுபது பேரில் ஒருவருடைய முகமேனும் அவன் நினைவுக்கு வரவில்லை.

பலகையில் ஏறிப் பட்டத்தைச் சரித்தான். இழுவை வந்தது. விலாவில் வரவில்லை; அரையிலே வந்தது. மூச்சை முக்கால்வாசி இழுக்க முடிந்தது. பின்னே சாய்ந்தான். வலி இருந்தது, ஆயினும் அது தாங்கத்தக்க வலி. சிவப்புக் கம்பு அறுபது முழத்திலிருந்து எண்பதுக்கும் நூற்றுக்கும் விலகியது. நான்கு முறை குறுக்கும் நெடுக்குமாகக் காற்றை வெட்டி, புறப்பட்ட இடத்துக்கே வந்து மணலில் முழந்தாளிட்டு விழுந்தான். மார்த்தாவின் கருவாட்டுப் பாயிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்து பட்டத்தை அமுக்கிப் பிடித்தார்கள். பின்னாலே மார்த்தாவும் வந்தாள்.

"மடையா! மாதாவே, இது என்ன கறுப்பு!" என்று அவனது விலாவைப் பார்த்து அலறினாள். "இதோடயா ஓடினாய்? உனக்கென்ன பைத்தியமா பிடிச்சது?"

அதிகாரி மெல்ல நடந்து வந்தார். முத்துலிங்கமும் சிப்பாயும் பின்னே வந்தனர். அவர் சிங்களத்திலே கேட்டதும் சுஹைர் அரைகுறையாகச் சொன்னதும் பெரும்பாலும் முத்துலிங்கத்தின் வாயாலேயே போய் வந்தன. அவர் குனிந்து விலாவின் நீலக்கறுப்பை நெடுநேரம் பார்த்தார். தொடைகளைச் சுற்றிய சீலையைத் தம் பேனாவின் முனையால் தூக்கி, அது உண்மையாகவே எண்ணெய்ச் சீலைதான் என்று முகர்ந்தும் பார்த்தார்.

"இவன் எல்லையைத் தாண்டவில்லை" என்றார். "சொன்ன இடத்துக்கே வந்தான். அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் இந்த விலாவோடு இவனுக்கு அனுமதி எழுதினால், நாளை இவன் மயங்கி அந்தப் பக்கம் மிதக்கும்போது பதில் சொல்ல வேண்டியவன் நான்."

முத்துலிங்கம் அதைத் தமிழிற் சொன்னான்.

"வேறு எவனாவது இருந்தால் இப்போதே ஓடிக் காட்டட்டும்" என்று அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இல்லாவிட்டால் பட்டங்களை வண்டியில் ஏற்றச் சொல்லுகிறேன்."

சுஹைர் மணலைப் பார்த்தான். முத்துலிங்கத்தின் பக்கம் கண்ணைத் திருப்பினாலே அது காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று கழுத்தை இரும்பாக்கிக்கொண்டான். "வேற ஆளில்ல சேர்" என்றான். "பட்டத்தக் கொண்டுபோங்க."

"ஆள் இருக்கு" என்றான் முத்துலிங்கம். சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையிலிட்ட அடையாள அட்டையை எடுத்து, எதிரியின் கையில் வாளைப் பிடிப் பக்கமாகக் கொடுப்பவன்போல நீட்டினான்.

அதிகாரி வாசித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "முல்லைத்தீவு?"

முத்துலிங்கம் வாடியையும் பருவத்தையும் தாயையும் பற்றிச் சொல்லத் தொடங்கினான். அவர் கையால் நிறுத்தினார். "கதை எனக்குத் தெரியும். உடப்புக்காரர் எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள்." அட்டையைத் தம் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானையும் பூட்டினார். "கம்பைத் தாண்டினால் இது திரும்பி வராது. ஓடு."

சுஹைர் முழந்தாளில் நகர்ந்து வந்து கூட்டாளியின் தொடைகளில் வார்களைத் தானே பூட்டினான். ஒவ்வொரு வாரையும் இழுத்துப் பார்க்கும்போதும் அவனது விலா முனகியது. துறையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"இறுக்கமா?" என்றான்.

"ஓம். இறுக்கந்தான். நீ மூச்சு விடு முதல்ல."

அதன்பின் கழிந்த இருபது நிமிடங்களும் சுஹைருக்கு ஓர் ஆயுளாயின.  காற்று ஒரு தடவை திடீரென ஓங்கியது. பட்டம் இரண்டாவது கம்பின் பக்கமாகப் பாய்ந்து சென்றது. அதிகாரியின் கை தன்னையறியாமல் சட்டைப்பையின் பொத்தானுக்குப் போனதைச் சுஹைர் கண்டான். முத்துலிங்கம் இருக்கையில் அமர்ந்தவன்போல அரையைத் தாழ்த்திச் சாய்ந்தான். பலகை நீரை அறுத்தது. பட்டம் தலையைத் திருப்பிக்கொண்டு தெற்கே வந்தது. மூன்று சுற்று. மூன்றும் கம்புக்கு இப்பால்.

அதிகாரி சிப்பாயின் முதுகைப் பலகையாகக் கொண்டு ஒரு துண்டில் எழுதினார். முத்திரை முகாமிலே குத்தித் தரப்படும் என்றார். பெயர் இரண்டு எழுதப்பட்டன. ஒருவன் நீரில் இருக்கும்போது மற்றவன் கரையில் நிற்க வேண்டும் என்று நிபந்தனையும் எழுதப்பட்டது. சுஹைரின் பெயருக்கு எதிரே, வைத்தியர் ஒருவரின் கடிதம் வரும்வரை நீரில் இறங்கலாகாது என்ற வரியும் சேர்ந்தது. ஆனால் அட்டை அவருடைய பையிலேயே இருந்தது.

"அட்டை?" என்று முத்துலிங்கம் கேட்டான்.

"நாளைக் காலை கிராம சேவகரின் கடிதத்தோடு முகாமுக்கு வந்து வாங்கிக்கொள்" என்று கூறி அவர் வண்டியில் ஏறினார்.

இருவரும் அந்தத் துண்டை ஆளுக்கொரு நுனியில் பிடித்துக்கொண்டு மணலில் குந்தியிருந்தார்கள். அட்டையில்லாமல் ஓர் இரவு முழுவதும் இருப்பதென்பது அந்நாட்களில், சுற்றிவளைப்பில் சிக்கினால் திரும்பாமற்போவதற்குச் சமம் என்பதை இருவரும் அறிவர். 

"ராவைக்கு எங்கட வீட்டுலயே கிட" என்றான் சுஹைர். "காலையில நானும் முகாமுக்கு வாறேன்."

"நீ ஆஸ்பத்திரிக்குப் போ, மச்சான். பரியாரியும் வேணாம், ஒருத்தரும் வேணாம். எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்."

"முகாம் வாசலத் தாண்டித்தான் ஆஸ்பத்திரி ஈக்குது. நீ உள்ள போய் வெளிய வாற வரைக்கும் நான் அந்த வாசல்ல குந்தியிருப்பேன். அதுக்குப் பொறகு படம் எடுக்கலாம்."

 சுஹைர் முத்துலிங்கத்தின் தோளைப் பற்றிக்கொண்டு எழுந்தான். எழுந்து, விலாவை ஒரு கையால் அணைத்தபடி, வீட்டை நோக்கி நடக்கலானான்.